வீடு மாறுது, பிள்ளைங்க ஸ்கூல் என்ன பண்றது? கடலூர்ல இருந்து ஒரு கணக்கு

போன வாரம் மழை தூறிட்டு இருந்த நேரம், மஞ்சக்குப்பத்துல நான் வேலை பாக்கற ஜெராக்ஸ் கடைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேருமே கெடிலம் ஆத்தங்கரைத் தெருக்காரங்க, கையில ஜவுளிக்கடை கவருக்குள்ள வீடு ஒதுக்கீடு ஆர்டரு, ரேஷன் கார்டு, பிள்ளைங்க ஆதார் எல்லாம் மடிச்சு வச்சிருந்தாங்க. அஞ்சஞ்சு காப்பி போடச் சொல்லிட்டு நின்னதுல சின்னவ கேட்டா, "அக்கா, வீடு கெடச்சிருச்சு, இனிமே வெள்ளம் வந்தா பயமில்ல, ஆனா பாப்பாவ எந்த ஸ்கூல்ல போடறதுன்னு தான் ஒண்ணும் புரியல, நீங்க எஸ்எம்சில இருக்கீங்களே சொல்லுங்களேன்"னு. எஸ்எம்சின்னா பள்ளி மேலாண்மைக் குழு.

அன்னிக்கு நின்ன எடத்துல என்னால பதில் சொல்ல முடியல. அதுக்கப்புறம் தெருவுல இன்னும் பத்து பேர் இதே கேள்விய கேட்டுட்டாங்க, அதான் எனக்குத் தெரிஞ்சத எல்லாம் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். தை மாசம் வீடு மாறணும், புது அடுக்குமாடி இங்கருந்து ஏழு கிலோமீட்டர், 5-ம் வகுப்புக்குள்ள படிக்கிற பிள்ளைங்க மட்டும் 31 பேர் இந்தத் தெருவுல இருந்து போறாங்க. நம்ம முன்னாடி இருக்கற வழி நாலு, இல்ல அஞ்சுன்னு வச்சுக்கலாம்.

மொதல்ல என் வீட்டுக் கதைய சொல்லிடறேன், ஏன்னா நான் சொல்ற முடிவெல்லாம் அதுலருந்து தான் வருது. 2015 வெள்ளத்துல எங்க வீடு போச்சு, அடுத்த வருஷம் நாங்க ஊருக்கு வெளிய போயிட்டோம். பெரியவன் அப்ப எட்டாவது, நடு வருஷத்துல டிசி வாங்கி கிட்ட இருந்த ஒரு ஸ்கூல்ல சேத்தேன், கிட்ட தானே, நடந்தே போயிடுவான்னு நெனச்சேன். அங்க அந்த வருஷம் பூரா கணக்குக்கு வாத்தியார் இல்ல. எங்கள மாதிரியே வந்து சேந்த பிள்ளைங்க நெறைய, பெஞ்ச் பத்தல, இவன் நாலு மாசம் செவுத்தோரம் தரையில உக்காந்து எழுதினான். ஒரு நாள் நோட்ட எடுத்துப் பாத்தா தேதி மட்டும் போட்டிருக்கு, கீழ ஒண்ணுமே இல்ல, பக்கம் பக்கமா தேதி தான். "போர்டு தெரியல மா, கேட்டா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க"ன்னான். பத்தாவதுல கணக்குல ஃபெயில். அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணிட்டான், இப்ப வேலைக்குப் போறான், ஆனா அந்த ரெண்டு வருஷத்த நான் இன்னும் மறக்கல. ஸ்கூல் கிட்ட இருந்தா போதும்னு யாராவது சொன்னா எனக்கு அந்த நோட்டு தான் கண்ணு முன்னாடி வரும்.

சரி, மொத வழி, பழைய ஸ்கூல்லயே விட்டுட்டு பஸ்ல அனுப்பறது. நெறைய பேருக்கு இதான் ஆசை, டீச்சர் தெரிஞ்சவங்க, பிள்ளைக்கு கூட்டாளிங்க இருக்காங்க, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பஸ் பாஸ் இலவசம், அம்மா கூடப் போனாலும் டவுன் பஸ்ல 2021-லருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. காசு கணக்குல பாத்தா செலவே இல்லாத மாதிரி தெரியும். ஆனா நேரத்த எண்ணிப் பாருங்க. அந்தப் பக்கத்துலருந்து காலையில தோதா வர்ற பஸ்ஸு ஒண்ணு தான், அத விட்டா அடுத்தது வந்து எறங்கும்போது ஒன்பதேகால் ஆயிடும். காலை உணவு அதுக்குள்ள முடிஞ்சு பாத்திரமே கழுவிடுவாங்க. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 2023-ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்த திட்டம் இது, எங்க ஸ்கூல்ல புதன்கிழமை பொங்கல்னா பிள்ளைங்க எட்டு மணிக்கே வந்து கேட்டுக்கிட்ட நிக்கும், வீட்டுல காலையில அடுப்பு பத்த வைக்காம கருவாட்டு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஓடற அம்மாக்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு வெளிய இருக்கறவங்களுக்குத் தெரியாது. பஸ்ஸு லேட்டுன்னா பிள்ளை மத்தியானம் வரைக்கும் வெறும் வயிறு. இன்னொண்ணு, ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைய தனியா பஸ்ல ஏத்த முடியாது, அம்மா கூட வந்தா அவ ஒரு வேலைய விடணும். அஞ்சாவது பிள்ளைன்னா நாலு பேரு சேந்து வந்துரும், முழுப் பரீட்சை வரைக்கும் ஓட்டிடலாம், மூணு மாசம் தானே.

சென்னையில கண்ணகி நகர்ல நடந்ததும் இதான். 2000-ல இருந்து நகரத்துக்கு நடுவுல குடிசையில இருந்தவங்கள கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டு போய் வச்சாங்க, அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பழைய ஸ்கூல விட மனசில்லாம விடியக்காலையில கெளம்பின பிள்ளைங்க ஒரு வருஷம் போச்சு, ரெண்டு வருஷம் போச்சு, அப்புறம் நின்னுருச்சு, அதுலயும் பொம்பளப் பிள்ளைங்க மொதல்ல நின்னுச்சு, ஏன்னா இருட்டுல வீடு திரும்பணும். வீடு கட்டும்போதே ஸ்கூலும் கட்டியிருந்தா, இல்ல இருக்கற ஸ்கூல்ல வகுப்பையும் வாத்தியாரையும் முன்னாடியே கூட்டியிருந்தா இவ்ளோ பேர் நின்னுருக்க மாட்டாங்க.

ரெண்டாவது வழி, புது வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். ஓட்டுக் கட்டடம் ஒண்ணு, கான்கிரீட் வகுப்பு ரெண்டு, வேப்பமரம், தண்ணி வருது, கழிவறை பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனியா இருக்கு, ஆனா தாழ்ப்பா ஒடஞ்சிருக்கு. 48 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர். ஹெச்எம் அம்மா நல்லவங்க, "வாங்க, எல்லாரும் வாங்க, ஆனா சொல்லிட்டு வாங்க"ன்னாங்க. இந்த "சொல்லிட்டு வாங்க"க்கு என்ன அர்த்தம்னு வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப தான் எனக்கு முழுசா புரிஞ்சுது, அத இங்க கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா நம்ம முடிவே இதுல தான் இருக்கு.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல தொடக்கப்பள்ளிக்கு டீச்சர் கணக்கு இப்டி: 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 61-லருந்து 90 வரைக்கும் மூணு. இங்க ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ம் தேதி எத்தன பிள்ளை இருக்குன்னு பாத்து தான் போஸ்ட்ட நிர்ணயம் பண்றாங்க. இப்ப நம்ம பழைய ஸ்கூல்ல 74 பேர், மூணு டீச்சர். 31 பேர் போயிட்டா மிச்சம் 43, ஒரு டீச்சர் உபரின்னு வேற எடத்துக்குப் போயிடுவாங்க, தெருவுல பட்டா இருந்து இங்கயே தங்கிட்ட குடும்பங்களோட பிள்ளைங்களுக்கு அஞ்சு வகுப்புக்கு ரெண்டு டீச்சர் தான் மிஞ்சும். அந்தப் பக்கம் புது ஸ்கூல்ல 48 பேரு. நம்ம ஆளுங்க கலைஞ்சு கலைஞ்சு போயி, பத்து பேரு மட்டும் அங்க சேந்தா 58, அதே ரெண்டு டீச்சர் தான், கூட்டம் மட்டும் கூடும். 31 பேரும் ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி சேந்தா 79, மூணாவது போஸ்ட்டுக்கு அங்க உரிமை வந்துரும்.

ஒரு அம்மா தனியா உக்காந்து என் பிள்ளைக்கு எது நல்லதுன்னு பாத்தா ஒரு முடிவு வரும், 31 அம்மா சேந்து உக்காந்து பாத்தா வேற முடிவு வரும். தனித்தனியா எடுக்கற நல்ல முடிவெல்லாம் சேந்து பழைய ஸ்கூலயும் காலி பண்ணி புது ஸ்கூலயும் நெரிசலாக்கிடும், கடைசியில யாருக்கும் டீச்சர் கெடைக்காது. என் மவன் போன ஸ்கூல்ல நடந்தது இதான்னு எனக்கு இப்பத் தான் புரியுது, பிள்ளைங்க நடு வருஷத்துல நாலா பக்கத்துலருந்து வந்து சேந்தாங்க, போஸ்ட்டு பின்னாடி நடந்து வந்துச்சு.

இதே கூத்து நம்ம ஊர்ல மட்டும் இல்ல. அமெரிக்கால சிகாகோ நகரத்துல 2000-லருந்து பெரிய பெரிய அரசாங்கக் குடியிருப்பு எல்லாத்தையும் இடிச்சாங்க, காப்ரினி கிரீன் மாதிரி, அங்க இருந்தவங்க பெரும்பாலும் கறுப்பின ஏழைக் குடும்பங்க. குடும்பம் போனா ஸ்கூல்ல எண்ணிக்கை கொறையும், கொறைஞ்சதும் ஸ்கூல் காலியா கெடக்குது மூடிடலாம்னு சொல்லுவாங்க, 2013-ல ஒரே வருஷத்துல கிட்டத்தட்ட 50 அரசு ஸ்கூல மூடினாங்க. சீர்திருத்தம், நல்ல ஸ்கூலுக்கு அனுப்பறோம்னு தான் சொன்னாங்க, ஆனா அங்க முன்னாடியே மூடின ஸ்கூல் பிள்ளைங்க எங்க போனாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்தா பெரும்பாலானவங்க போய்ச் சேந்தது இன்னொரு பின்தங்கின ஸ்கூல்ல, மேல இருந்த ஸ்கூலுக்குப் போனது ரொம்பக் கொஞ்சம் பேரு. டயட்னு ஒரு ஹைஸ்கூலுக்காக 2015-ல பெத்தவங்களும் தெருக்காரங்களும் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தாங்க, அடுத்த வருஷம் அது திரும்பத் தொறந்துச்சு. சேந்து நின்னதால தொறந்துச்சு.

நம்ம பக்கத்துலயும் பாண்டியில மிஷன் வீதிப் பக்கம் கலவைக் கல்லூரி ஸ்கூல், வ.உ.சி. ஸ்கூல்னு நூறு வருஷத்துக் கட்டடங்கள சீர் பண்ணியிருக்காங்க, பாக்கவே அழகா இருக்கு, அத நான் தப்புன்னே சொல்ல மாட்டேன், 2014 மழையில மேரின்னு சொல்ற பழைய நகராட்சிக் கட்டடம் இடிஞ்சு விழுந்த ஊர் அது, பழச காப்பாத்தணும். ஆனா எந்த ஊரா இருந்தாலும் நகரத்துக்கு நடுவுல ஸ்கூல் நல்லாகற அதே நேரத்துல அந்த ஸ்கூலுக்கு நடந்து வர்ற குடும்பத்த வெளிய அனுப்பிட்டா, அந்த நல்ல சுவரும் நல்ல லேபும் யாருக்குன்னு ஒரு கேள்வி இருக்கு. எங்க ஸ்கூலுக்கும் போன வருஷம் தான் ஸ்மார்ட் போர்டு வந்துச்சு, புதுசா டைல்ஸ் போட்டாங்க. அது வந்த அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைங்க கெளம்புதுங்க.

மூணாவது வழி தனியார் ஸ்கூல்ல ஆர்டிஇ சீட்டு, அதாவது அதே கல்வி உரிமைச் சட்டத்துல கெடைக்கற இலவச சீட்டு. இது எல்.கே.ஜி., ஒண்ணாவது மாதிரி சேர்ற வகுப்புக்கு மட்டும் தான், நாலாவது படிக்கிற பிள்ளைக்குக் கெடையாது, அதனால நம்ம 31 பேருல ரொம்பப் பேருக்கு இந்தக் கதவே இல்ல. சின்னப் பிள்ளை வச்சிருக்கறவங்க மட்டும் படிங்க. 25 சதவீத எடம், வீட்டுலருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்களுக்கு மொத உரிமை. இங்க தான் சிக்கல், வீடு மாறிட்டீங்க, ரேஷன் கார்டும் ஆதாரும் ஆத்தங்கரை முகவரியில இருக்கு, புது வீட்டுப் பக்கம் ஸ்கூலுக்குப் போட்டா முகவரி ஒத்து வராது, பழைய முகவரிய வச்சு டவுன் ஸ்கூலுக்குப் போட்டா சீட்டு கெடச்சாலும் தெனமும் ஏழு கிலோமீட்டர் வேன். என் கடைக்கு வர்ற அப்ளிகேஷன்ல திரும்பி வர்றதுல பாதி இந்த முகவரிப் பிரச்சன தான், அதனால வீட்டு சாவி வாங்கின கையோட மொத வேலையா முகவரி மாத்துங்க. அப்புறம் 2025-ல என்ன ஆச்சு பாத்தீங்கல்ல, மத்திய அரசு சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக் கல்வித் திட்டத்துப் பணம் 2,152 கோடி ரூபாய நிறுத்தி வச்ச தகராறுல ஏப்ரல்ல தொறக்க வேண்டிய ஆர்டிஇ சேர்க்கை அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. அத நம்பி உக்காந்திருந்தவங்க பாடு என்னன்னு நெனச்சுப் பாருங்க.

சீட்டு கெடச்சாலும் இலவசம்னு சொல்றது படிப்புக் கட்டணம் மட்டும்னு ஆயிடுது. எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒருத்தி சேத்தா, வேன், யூனிஃபார்ம், ஷூ, நோட்டு, ஆண்டு விழான்னு கேட்டுக் கேட்டு ஒரு வருஷத்துல 14,000 ரூபா குடுத்தா, காலை உணவும் மத்தியான சாப்பாடும் அங்க கெடையாது, அத கணக்குல சேக்கவே மறந்துடறோம். ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கங்க, மருத்துவப் படிப்புல அரசு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு 2020-ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாவதுலருந்து பன்னண்டாவது வரைக்கும் அரசு ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு, ஆர்டிஇ-ல எட்டாவது வரைக்கும் தனியார்ல படிச்சிட்டு ஒன்பதாவதுலருந்து அரசு ஸ்கூலுக்கு வந்தாலும் உண்டு. அதனால தனியார்ல சேத்துட்டா அந்தக் கதவு மூடிருச்சுன்னு பயப்பட வேணாம், ஆனா எட்டாவது முடிச்சதும் திரும்பி வரணும், மறந்துடாதீங்க.

சில பேரு எல்லை தாண்டிக் கேக்கறாங்க, புது வீடு பெண்ணையாத்துப் பக்கம் தானே, பாலத்த தாண்டினா கன்னியக்கோயில், முள்ளோடை, பாகூர், பாண்டிச்சேரி ஸ்கூல்ல சிபிஎஸ்இ வேற வந்துருச்சேன்னு. வந்துருச்சு, நெசந்தான், அவங்களுக்குன்னு தனி போர்டு கெடையாது, முன்னாடி பாண்டியும் காரைக்காலும் நம்ம தமிழ்நாட்டு பாடத்திட்டம், மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரான்னு ஓடிட்டிருந்துச்சு, இப்ப அரசு ஸ்கூல் எல்லாத்தையும் சிபிஎஸ்இக்கு மாத்திட்டாங்க. தமிழ் வழியில மூணாவது நாலாவது வரைக்கும் படிச்ச பிள்ளைய திடீர்னு இங்கிலீஷ் புத்தகத்துல தூக்கிப் போட்டா வீட்டுல சொல்லிக் குடுக்க ஆள் இருக்கணும், நம்ம தெருவுல எத்தன வீட்டுல இருக்காங்க? அதோட நம்ம பிள்ளை நம்ம மாநிலத்து 7.5 சதவீதத்த விட்டுடும். பாண்டியில அவங்க ஊர் அரசு ஸ்கூல் பிள்ளைங்களுக்கு 2023-ல 10 சதவீதம் குடுத்தாங்க, நல்ல விஷயம், ஆனா அது அந்த ஊர்க்காரங்களுக்கு. நம்ம கணக்குக்கு இது ஒத்து வராது, இத விட்டுடலாம்.

அரசு மாதிரிப் பள்ளி பத்தியும் கேட்டாங்க. அது ஒன்பதாவதுலருந்து தான், விடுதியோட, தேர்ந்தெடுத்து எடுக்கறது, பெரிய பிள்ளை நல்லா படிச்சா கண்டிப்பா முயற்சி பண்ணுங்க, கடலூர் மாவட்டத்துக்கும் இருக்கு. ஆனா அது தெருவுல ஒரு பிள்ளைக்கு வழி, 31 பிள்ளைக்கு இல்ல.

என் முடிவ சொல்றேன், ஒத்துக்கறவங்க ஒத்துக்கங்க. தையில வீடு மாறினாலும் நடு வருஷத்துல டிசி வாங்காதீங்க. மூணாவது, நாலாவது, அஞ்சாவது பிள்ளைங்க ஏப்ரல் வரைக்கும் பழைய ஸ்கூலுக்கு பஸ்ல வரட்டும், தெனமும் ரெண்டு அம்மா முறை வச்சுக் கூட வரலாம், பிள்ளைங்க வர்ற வரைக்கும் சாப்பாட்ட எடுத்து வைக்க எங்க ஹெச்எம் கிட்ட நான் பேசறேன். ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்கள மட்டும் வீடு மாறின உடனே அங்க சேத்துடலாம், அதுங்கள பஸ்ல அலைய வைக்க வேணாம். அஞ்சாவது முடிக்கிற எட்டு பேருக்கு ஆறாவது எப்படியும் புது ஸ்கூல் தான், அத தனியா பேசிக்கலாம். அந்த எட்டுப் பேரு போனாலும் ஜூன்ல ஒண்ணாவது சேரப் போற சின்னதுங்க நம்ம தெருவுலயே ஏழு இருக்கு, அங்கயும் அஞ்சாவதுல கொஞ்சம் பேரு வெளிய போவாங்க புதுசா வருவாங்க, எப்டிப் பாத்தாலும் நம்ம பக்கத்துலருந்து முப்பது பேரு உள்ள போனா 60-ஐ தாண்டிரும். மத்த எல்லாரும் ஜூன்ல ஒரே நாள்ல, ஒண்ணா போயி அந்த ஒன்றியப் பள்ளியில சேக்கணும், ஆகஸ்ட் 1-க்கு முன்னாடி ஒரு பேரு கூட எமிஸ்ல (கல்வித்துறையோட கம்ப்யூட்டர் பதிவு) எந்த ஸ்கூல்லயும் சேராத காமன் பூல்ல தொங்கிட்டு இருக்கக் கூடாது. டிசி லேட்டாகுது அப்புறம் வாங்கன்னு யாராவது திருப்பி அனுப்பினா ஒத்துக்காதீங்க, டிசி இல்லன்னு சேர்க்கைய மறுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, பிரிவு 5.

அதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்கூல் எஸ்எம்சியும் தீர்மானம் போடணும். கமிட்டியில முக்கால்வாசி பெத்தவங்க, பாதி பொம்பளைங்கன்னு சட்டம் சொல்றது கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு வர்றதுக்கு இல்ல. நம்ம தீர்மானத்துல, இங்க உபரியாகப் போற டீச்சர அந்த ஸ்கூலுக்கே குடுங்கன்னு கேக்கணும், தெரிஞ்ச டீச்சர் ஒருத்தர் அங்க இருந்தா பிள்ளைங்க ஒரு வாரத்துல பழகிடும். நம்மது மாநகராட்சி ஸ்கூல், அது ஒன்றியம், வேற வேற அலகு, நேரா மாத்தறது லேசு இல்ல, அதனால மூணாவது போஸ்ட் வர்ற வரைக்கும் மாற்றுப்பணின்னு, அதாவது தற்காலிகமா அங்க அனுப்பி வைங்கன்னு கேப்போம். அவங்க தீர்மானத்துல ஒரு வகுப்பறை, இருபது பெஞ்ச், அந்தக் கழிவறைத் தாழ்ப்பா. இங்கயே தங்கற 43 பிள்ளைங்கள பத்தியும் எழுதணும், நாம போறதால அதுங்களுக்கு டீச்சர் கொறையக் கூடாது, 43 பிள்ளைக்கு ரெண்டு டீச்சர்னாலும் அந்த ரெண்டு பேரையும் வேற டியூட்டிக்கு இழுக்காதீங்கன்னாவது கேப்போம்.

சேர்ந்து போறதுலயும் ஒரு கொற இருக்கு, மறைக்கல. எல்லாரும் கூட்டமா போனா அந்த ஊர்க்காரங்க "ஆத்தங்கரையாளுங்க வந்துட்டாங்க"ன்னு பிரிச்சுப் பாப்பாங்க, பிள்ளைங்க தனி வரிசையா உக்காரும். அதனால பொங்கல் லீவுலயே நாலு அம்மா போயி அங்க இருக்கற அம்மாக்களோட உக்காந்து பேசிட்டு வரணும், டீச்சர் போஸ்ட் வந்தா அவங்க பிள்ளைக்கும் தானே நல்லதுன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

பேர் லிஸ்ட்ட நான் டைப் பண்ணி வச்சிட்டேன், பிள்ளை பேரு, வகுப்பு, எமிஸ் நம்பர், அம்மா கையெழுத்து. இதுவரைக்கும் 26 கையெழுத்து வந்திருக்கு. மிச்சம் அஞ்சுல மூணு வீட்டுக்காரங்க கடலுக்குப் போயிருக்காங்க, ரெண்டு வீட்டுல ஆர்டிஇக்குப் போடலாமான்னு யோசிக்கிறாங்க, அவங்க இஷ்டம், கட்டாயம் இல்ல. ஞாயித்துக்கெழம சாயந்திரம் மாரியம்மன் கோயில் திண்ணையில இருப்பேன், ரேஷன் கார்டும் பிள்ளை ஆதாரும் கொண்டு வாங்க, முகவரி மாத்தற ஃபார்மையும் அங்கயே ரொப்பிடலாம்.